டார்க் ரொமான்ஸ் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் காவிரிக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கும், மாத நாவல் அச்சிடும் பதிப்பகத்தாருக்கும், செயலிகளில் தொடர்கதை ஏற்றும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் இருந்துகொண்டு உங்கள் டார்க் ரொமான்ஸ்களை, அதாவது கொடுமைக்காரனே நாயகனாக வரும் ஆன்ட்டி ஹீரோ நாவல்களை, விடாமல் படிக்கிறவர்கள் நாங்கள். வாடகை நூலகத்தில் எடுத்தும் படிக்கிறோம், கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாகவும் படிக்கிறோம். டெல்டாவைக் களமாக வைத்து வரும் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. மிராசுதார் வீட்டு வாரிசு, அவனிடம் கடன்பட்ட ஒரு அப்பா, கடனுக்கு ஈடாகத் தூக்கிவரப்பட்ட மகள், ஐந்தாம் அத்தியாயத்துக்குள் கட்டாயத் தாலி, பூட்டிய மாடியறை, கடைசி மூன்று அத்தியாயங்களில் மன்னிப்பும் வளைகாப்பும்.

இவற்றை நிறுத்துங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. கொடுமைக்காரனைக் காதலிக்கும் கதையை நாங்கள் தெரிந்தேதான் கையில் எடுக்கிறோம். பயமும் ஆசையும் ஒரே பக்கத்தில் கிடந்து புரளுவதைப் படிக்க வேறு வகை நாவலுக்குப் போக முடியாது. எங்கள் கோரிக்கை இரண்டு: இருட்டை எழுதினால் அதை முன்பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே அதைப் பாதியில் கைவிடாமல் முழுதாக எழுதுங்கள்.

தமிழுக்கு இந்த வகை புதிதும் இல்லை. பொருந்தாக் காதலான பெருந்திணைக்குத் தொல்காப்பியம் நான்கு குறிப்புகள் சொல்கிறது. அவற்றில் கடைசி ‘மிக்க காமத்து மிடல்’, ஆசை வரம்பு மீறி வலிந்து அடையப் பார்ப்பது. அதை இலக்கணம் ஒளித்துவைக்கவில்லை. பெயர் கொடுத்து, அகத்திணை ஏழில் ஒன்றாகவே எண்ணியது. ஆனால் குறிஞ்சியோடும் முல்லையோடும் கலந்துவிடவும் இல்லை. அன்பின் ஐந்திணைக்கு வெளியே தனியே நிறுத்தியது. இன்று நடப்பது அந்தக் கலப்படம்தான். அட்டையில் ‘மனதை வருடும் குடும்பக் காதல்’ என்று போட்டிருக்கும். ஏழாம் அத்தியாயத்தில் நாயகனே நாயகியை வன்புணர்ச்சி செய்வான்.

ஆகவே முதலில் முன்னறிவிப்பைப் பற்றிப் பேசுகிறோம். இப்போது போடப்படும் அறிவிப்புகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ‘18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’ என்றால், நெருக்கமான காட்சிகள் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து எடுக்கிறார்கள். வன்முறை இருப்பது அதில் தெரிவதே இல்லை. ‘மனத்துணிவு இல்லாதவர்கள் படிக்க வேண்டாம்’ என்பது எச்சரிக்கை வேடம் போட்ட விளம்பரம். இன்னும் சிலர் வன்முறை, இரத்தம், துரோகம், மது, கெட்ட வார்த்தை என்று இருபது சொற்களை அடுக்குகிறார்கள். அவற்றில் எது கதையின் நடுநாயகம், எது ஒரு வரியில் வந்துபோவது என்று யாருக்கும் விளங்காது.

நல்ல அறிவிப்புக்கு அரைப்பக்கம் கூட வேண்டாம். என்ன நடக்கிறது, யார் யாருக்குச் செய்கிறார், கண்முன் காட்சியாக வருகிறதா பேச்சில் மட்டும் வருகிறதா, எந்த அத்தியாயம், பாத்திரங்களின் வயது என்ன. இவை இருந்தால் போதும். இப்படி:

‘இந்த நாவலில் நாயகன் நாயகியைக் கடத்திவந்து, அவள் விருப்பமின்றித் தாலி கட்டுகிறான். 7, 12ஆம் அத்தியாயங்களில் அவன் அவள்மீது செலுத்தும் பாலியல் வன்முறை காட்சியாகவே வருகிறது. 19ஆம் அத்தியாயத்தில் கருச்சிதைவு. ஒரு தற்கொலை முயற்சி பேச்சில் மட்டும் வருகிறது. இருவரும் 18 வயது நிறைந்தவர்கள். முடிவில் சேர்ந்து வாழ்கிறார்கள்.’

கதை வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். முடிவையும் திருப்பங்களையும் வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் வைத்து, ‘முழு விவரம் இன்ன பக்கத்தில்’ என்று முன்னால் ஒரு வரி போடுங்கள். ஆனால் யார் செய்கிறார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். வில்லன் செய்தால் கதை அவள் பக்கம் நிற்கும். நாயகன் செய்தால், கொஞ்ச நேரத்தில் அவனை விரும்பும்படி கதை எங்களைக் கேட்கும். இரண்டுக்கும் வேறு வேறு மனத்தயாரிப்பு வேண்டும்.

எங்கே அச்சிடுவது என்பதிலும் கவனம் தேவை. மாத நாவல் வாடகை நூலகத்துக்கு வந்தால் முதலில் கிழிவது அட்டையும் முதல் தாளும்தான். அதில் போட்ட அறிவிப்பு பத்துப் பேர் கை மாறுவதற்குள் போய்விடும். முதல் அத்தியாயத் தலைப்புக்கு மேலேயே அச்சிட்டால் கதை இருக்கும்வரை அதுவும் இருக்கும். செயலியில் வேறு சிக்கல். தொடரைப் பின்தொடர்கிற வாசகி அறிவிப்பு மணி அடித்ததும் நேரே 12ஆம் அத்தியாயத்தில் போய் இறங்குவாள். தொடரின் முகப்புப் பக்கத்தைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆகவே அந்தந்த அத்தியாயத்தின் தலைமாட்டிலும் இரண்டு வரி வேண்டும். காட்சி முடியும் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டு, அதைத் தாண்டிப் போகிறவர்களுக்காக நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கதையின் இழை அறாது. தொடர் புத்தகமாகும்போது இரண்டு மூன்று அத்தியாயங்களைச் சேர்த்து ஒன்றாக்குவீர்கள், எண்கள் மாறிவிடும். பழைய எண்ணோடு அறிவிப்பை அப்படியே அச்சிட்டால் வாசகி எதைத் தவிர்க்க நினைத்தாளோ அதன் நடுவிலேயே போய் விழுவாள். மெய்ப்புத் திருத்தும்போது கடைசி வேலையாக இதைச் சரிபாருங்கள்.

வயதைப் பற்றி ஒன்றே ஒன்று. நாயகிக்கு 17 என்று எழுதாதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. சம்மதம் என்ற பேச்சே அங்கே எடுபடாது. நெருக்கக் காட்சியில் பள்ளிச் சீருடையும் பன்னிரண்டாம் வகுப்பும் எந்தக் கதைக்கும் தேவைப்படாதவை.

இனி கட்டாயத் தாலி. இந்த வகையின் அச்சாணியே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். தூங்குகிறவள் கழுத்திலும் மயங்கிக் கிடப்பவள் கழுத்திலும் மூன்று முடிச்சு விழுகிறது. அடுத்த வரியிலிருந்து அவள் ‘மனைவி’. நாவலுக்குள் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. நாட்டின் சட்டம் கேட்கிறது. திருமணம் செய்யக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு பெண்ணைக் கடத்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 87ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை பெறும் குற்றம். இந்துத் திருமணச் சட்டம் 1955, 12ஆம் பிரிவின்படி, வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தில் நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு சேர்த்த 7அ பிரிவில் தாலி கட்டுவது ஒன்றே போதும் என்றாலும், அதுவும் உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் நடக்க வேண்டும். இரவோடு இரவாக ‘ரிஜிஸ்டர் ஆபீஸ்’ போய்க் கையெழுத்து வாங்கிப் பதிவுத் திருமணம் முடித்துவரும் காட்சியும் எளிதில் நிற்காது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு.

இதையெல்லாம் சொல்வது கதையை நீதிமன்றமாக்க அல்ல. சட்டத்துக்குள்ளேயே நீங்கள் தொடாத இருட்டு இருக்கிறது. மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவன் செய்வது வல்லுறவுக் குற்றமாகாது என்ற விலக்கு நியாய சம்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகக் கணக்கில் எடுத்துப் பாதுகாப்பு உத்தரவு தரும். அது வேறு வழி. இந்த விலக்கைத் தெரிந்த ஒருவன் தாலியை எதற்காகக் கட்டுகிறான் என்று எழுதிப் பாருங்கள், உங்கள் நாயகன் உண்மையாகவே பயமுறுத்துவான். இன்னொன்று: இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மனுப்போட, வற்புறுத்தல் நின்ற நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். வற்புறுத்தல் நின்ற பிறகு அவள் மனம் ஒப்பி அவனோடு வாழ்ந்திருந்தாலும் மனு நிற்காது. வற்புறுத்தல் எந்த நாளில் நின்றது, ஒப்புதல் எந்த நாளில் தொடங்கியது? ஒரு முழு நாவலுக்கான கேள்வி அந்த ஒரு பிரிவுக்குள் கிடக்கிறது.

எங்கள் ஊரிலேயே தாலிக்கென்று ஒரு நாள் உண்டு. ஆடிப் பதினெட்டு. புதுப்பெண்கள் படித்துறைக்கு வந்து, காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் காவிரியைக் கும்பிட்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். வலுக்கட்டாயமாகத் தாலி ஏறிய பெண்ணை அன்று வீட்டில் பூட்டிவைத்தால் ஊர் கேட்கும், ஆகவே கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும். சுற்றிலும் நூறு பெண்கள். பக்கத்தில் நிற்கும் கிழவி, ‘எந்த ஊர்ப் பொண்ணும்மா நீ?’ என்று கேட்பாள். வாய் திறந்தால் போதும் என்ற இடத்தில் அவள் ஏன் வாய் திறக்கவில்லை? மாடியறைப் பூட்டைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிற நீங்கள் இந்த ஒரு காட்சியை ஏன் எழுதவில்லை என்பதே எங்கள் ஏக்கம்.

அடுத்து மிராசுதார். ‘நூறு வேலிக்குச் சொந்தக்காரன்’ என்று எழுதுகிறீர்கள். ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர், நூறு வேலி என்றால் 660 ஏக்கருக்கு மேல். 1970க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). இன்றைய கதையில் ஒருவனுக்கு அவ்வளவு நிலம் இருக்கிறது என்றால் பினாமிப் பெயரில் இருக்கிறது, அல்லது அறக்கட்டளைப் பெயரில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவன் எப்படிப்பட்டவன் என்பது மூன்றாம் பக்கத்திலேயே விளங்கிவிடும். வெறும் நெல்லை நம்பி யாரும் வெளிநாட்டுக் கார் வரிசை வைத்திருக்க முடியாது. அரிசி ஆலை, செங்கல் சூளை, வட்டி என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். குறிப்பாக வட்டி. நாயகியின் அப்பா பட்ட கடன் எவ்வளவு, நூற்றுக்கு மாதம் எவ்வளவு வட்டி, எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அவள் ஏன் ஓடிப்போகவில்லை என்பதற்குத் தனியாக விளக்கமே வேண்டாம்.

இந்த நாயகனின் கையில் நீங்கள் கொடுக்கும் சவுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு ஊர்க்காரருக்கு அது வெறும் அலங்காரமாக இருக்கலாம். கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைப்பது) பண்ணையாட்களுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனைகள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சங்கம் கட்டி எதிர்த்தது அவற்றைத்தான். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டுப் போராடிய தலித் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த மண்ணில் ‘பண்ணை’ என்ற பட்டத்தோடு சவுக்கை வைத்து ஒருவனை அழகனாக்கும்போது, அந்தச் சவுக்கு யார் முதுகில் விழுந்தது என்பதைக் கதை தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு எழுதினால் எங்களுக்கு மறுப்பில்லை. அவன் தாத்தா அடித்த வீட்டின் பேத்திதான் நாயகி என்று எழுதுங்களேன். இப்போது வருகிற கதைகளில் சாதியே இல்லாத ஒரு ஊரில், வரலாறே இல்லாத ஒரு சவுக்கு தொங்குகிறது.

வீட்டைப் பற்றி. பெண்ணை அடைத்துவைக்கும் வீடு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அக்ரகாரத்து வீடு என்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. முற்றத்தில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கே ஒருத்தியை மூன்று மாதம் சத்தமில்லாமல் அடைத்துவைக்க முடியாது. தனியாக நிற்கும் பண்ணை வீடு என்றால் முன்னால் களம் இருக்கும், மாட்டுக்கொட்டகை இருக்கும், அறுப்புக் காலத்தில் காலையிலிருந்து ஆள் வந்தபடி இருக்கும். அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். மாடியறைக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் சமையல்காரம்மாவுக்குத் தெரியும். கணக்கெழுதும் காரியக்காரருக்குத் தெரியும். தண்ணீர் தூக்கும் பையனுக்குத் தெரியும். அந்த அம்மாவின் மகனுக்கு ஆலையில் வேலை, மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டில் வாங்கிய கடன், இன்னும் அடையவில்லை. தட்டை வைத்துவிட்டு நாயகியின் முகத்தைப் பார்க்காமல் திரும்புகிறாள். டெல்டாவில் இருட்டு அந்த அறைக்குள் இல்லை, அந்த மாடிப்படியில் இருக்கிறது. அதை எழுதினால் நாயகனின் உறுமல் பாதியாகக் குறைந்தாலும் பயம் இரண்டு மடங்காகும்.

தப்பிக்கும் காட்சிகளில் நிலமும் நீரும் தவறிப்போகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் பல நாள் ஆகும். மாசி முதல் வைகாசி வரை குடமுருட்டியும் வெட்டாறும் மணல்வெளி. அப்போது நாயகி ‘சுழித்தோடும் ஆற்றில்’ குதிக்க வழியில்லை. பெருவெள்ளம் வேண்டுமென்றால் கதையை ஐப்பசி கார்த்திகைக்கு நகர்த்துங்கள். சேறடித்த நடவு வயலின் குறுக்கே யாராலும் ஓட முடியாது, முழங்கால் வரை இறங்கிவிடும். வரப்பில் ஓடினால் வழுக்கும், ஆள் நிழல் தூரத்திலிருந்தே தெரியும். தெரிந்தவள் வாய்க்கால் கரையைப் பிடித்துப் போவாள், அது ஏதாவது ஒரு சாலையில்தான் முடியும். குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் நள்ளிரவில்கூட அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஆள் இருப்பார்கள். குவித்த நெல்லைத் தார்ப்பாயால் மூடி விவசாயிகள் காவலுக்குப் படுத்திருப்பார்கள். விளக்கு எரியும் அந்த இடத்துக்கு அவள் வந்துசேரட்டும். அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் நாயகனிடம் கடன்பட்டவர்கள். யாரை எழுப்புவாள்?

சம்மதம் பற்றி நாங்கள் அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒரு பிழை எல்லா நாவலிலும் இருக்கிறது. ‘வாய் வேண்டாம் என்றது, உடல் ஒத்துழைத்தது.’ பயத்தில் உடல் உறைந்து அசையாமல் போவது உண்டு. தொடுகைக்கு உடல் தானாகக் காட்டும் எதிர்வினையும் உண்டு. இரண்டும் சம்மதம் ஆகா. எதிர்த்துப் போராடவில்லை என்ற காரணத்தாலேயே சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது என்பது நியாய சம்ஹிதாவின் 63ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. தன் உடலே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவள் நினைத்து நொறுங்குவதை எழுதுங்கள், அது உண்மை. அதையே அவள் காதலுக்குச் சான்றாகக் கதைசொல்லி காட்டும்போதுதான் புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது.

கடைசியாக மன்னிப்பு. 60 அத்தியாயக் கதையில் குற்றம் ஐந்தாவதில் நடக்கிறது, திருந்துவது 58இல். இடைப்பட்ட 50க்கு மேற்பட்ட அத்தியாயங்களில் அவன் மாறியதற்கான தடயம் இல்லாததால் மூன்று குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிக்கிறீர்கள். நாயகனுக்கு விபத்து, அவள் ஐ.சி.யூ. வாசலில் அழுகிறாள். அல்லது அவள் கர்ப்பமாகிறாள். அல்லது மாமியார் வந்து அவனுடைய பிள்ளைப்பருவத் துயரத்தைச் சொல்கிறார். மூன்றிலும் வேலை செய்கிறவள் அவள்தான். அவன் படுத்திருக்கிறான், அல்லது பேசாமல் நிற்கிறான்.

எங்களுக்கு நம்பும்படியாக இருக்க, பாதிக் கதைக்குள்ளாவது திரும்புதல் தொடங்க வேண்டும். கையால் தொடக்கூடிய பொருள்களில் தொடங்க வேண்டும். அடைபட்ட பெண்ணிடமிருந்து அவன் எடுத்து வைத்திருப்பவை எவை? கைப்பேசி, ஆதார் அட்டை, படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அறைச் சாவி, அப்பா கையெழுத்திட்ட கடன் பத்திரம். இவை ஒவ்வொன்றாக அவள் கைக்குத் திரும்பட்டும், கடன் பத்திரம் முதலில். அது அவன் கையில் இருக்கும்வரை அவள் சொல்லும் எந்த ‘சரி’க்கும் மதிப்பில்லை. செய்ததை அவன் பூசிமெழுகாமல் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளட்டும். ‘கோபத்துல தப்பு பண்ணிட்டேன்’ என்பது ஒப்புதல் ஆகாது. பிறகு அவள் அவன் கைக்கு எட்டாத இடத்தில், சொந்தச் சம்பாத்தியத்தில், கொஞ்ச காலமாவது இருக்கட்டும். திருச்சியில் விடுதி எடுத்து வேலைக்குப் போகட்டும். அங்கிருந்து அவளாக பஸ் ஏறி வந்தால் அந்தக் காதலை நாங்கள் நம்புவோம், கண்ணீர் விட்டுப் படிப்போம். வராமல் போனாலும் அது டார்க் ரொமான்ஸ்தான். அந்த முடிவுக்கும் இங்கே வாசகர் உண்டு.

ஒலி நாவல்களாக யூடியூபில் வெளியிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, பக்கத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத, கேட்கிறவர்கள் நிறையப் பேர். திரையில் எழுத்தாக ஓடும் எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படாது. குரலில் சொல்லுங்கள், தொடக்கத்தில் ஒருமுறை, அந்தக் காட்சி வருமுன் ஒருமுறை.

அச்சில் வரும் நாவலின் கடைசிப் பக்கத்தில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் போடுங்கள். இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கைப்பேசியைக் கணவனோ மாமியாரோ வாங்கிப் பார்க்கும் வீடுகளில் அந்த எண்ணைச் சேமித்து வைக்க முடியாது; மாத நாவலை அந்த வீடுகளில் வேறு யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் இந்த ஒன்றையாவது செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காவிரி டெல்டா வாசகிகள்